பெரித் காய்ச்சிய பியர்

பெர்கன்,
3 செப்டம்பர் 1978

அன்புள்ள அண்ணா,

நம் வீட்டில் சாவுக்கும் வரிக்கும் தவிர யாரும் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. உறையைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். மன்னியுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரம்மா திருமதி ராம்ஸ்லி அதைக் கூடத்தில் வைத்து, பக்கத்திலேயே ஒரு நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே மழையைத் தவிர வேறு குறை இல்லை. பால்பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பழகிவிட்டது. அண்ணி எப்படி இருக்கிறார்? பிரசவம் இந்த மாதம்தானே? செய்தி வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு சின்ன விஷயம். என்னோடு வேலை செய்யும் பெரித் என்ற தோழி வீட்டில் பியர் காய்ச்ச ஆசைப்படுகிறாள். எங்கிருந்தோ அவளுக்குக் கொஞ்சம் நாட்டு ஈஸ்ட், காய்ந்த செதில்களாகக் கிடைத்திருக்கிறதாம். பார்லிச் சாறு எந்தச் சூட்டில் இருக்கும்போது அதைப் போட வேண்டும் என்று கேட்கிறாள். புத்தகத்தில் இருபது டிகிரி என்று இருக்கிறது. நம் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் சுமந்து கொடுத்ததும் என்னை வெளியே அனுப்பிவிடுவீர்கள் அல்லவா?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
தோர்டிஸ்


லியா பண்ணை,
26 செப்டம்பர்

தோர்டிஸ்,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஐந்தாம் தேதி மார்கிட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். ஒன்று கத்துகிறது, ஒன்று தூங்குகிறது. உருளைக்கிழங்கு பாதி எடுத்தாகிவிட்டது.

இருபது டிகிரியா? அது மீன் குளிக்கிற சூடு. கறந்த பால் என்ன சூடோ, அந்தச் சூடு. பால்பண்ணையில் சம்பளம் வாங்குகிறவளுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. போடும்போது தொட்டிக்குள் தலையை விட்டு வாய்விட்டுக் கத்த வேண்டும். கத்தாமல் போட்ட ஈஸ்ட் தூங்கிவிடும். உன் தோழிக்குத் தொண்டை இருக்கிறதா, இல்லை அவளும் உன்னைப் போலத்தானா?

எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட வேண்டாம் என்று சொல். பாதியை எடுத்து வைக்கச் சொல். அந்த ஈஸ்ட் என்ன நிறம்? எந்தத் துணியில் காய்ந்தது? கேட்டு எழுது.

ஐவின்ட்


பெர்கன்,
30 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

மகள் பிறந்த செய்தியை உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் எழுதுகிறவர் இந்த நாட்டிலேயே நீங்கள் ஒருவர்தான். அண்ணிக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். சிறு கம்பளிச் சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்குள் பெரித் காய்ச்சிவிட்டாள். மூன்று வாரம் காத்திருந்து பார்த்தாள், பாவம். இருபது டிகிரியில், இருந்த ஈஸ்ட் முழுவதையும் போட்டாள். கத்தவில்லை. அவள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மதுவிலக்குச் சங்கத்தில் பொருளாளர், எப்படிக் கத்துவாள்? துணி துவைக்கும் நிலவறையில் வாளி ஆறு நாளாக அசையாமல் இருக்கிறது. ஒரு குமிழி இல்லை. நேற்று வீட்டுக்காரம்மா மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"என்னம்மா இது?"

"ஆப்பிள் சாறுங்க."

"ஆப்பிள் எங்க?"

"பிழிஞ்சாச்சுங்க."

பெரித்துக்கு ஒரே அழுகை. என்ன செய்யலாம்? நிறம், துணி பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாதாம்.

தோர்டிஸ்


லியா,
4 அக்டோபர்

தோர்டிஸ்,

முழுவதையுமா? உறைக்கு ஒரு கரண்டி வைக்காமல் தயிர்ச் சட்டியை வழித்து நக்குகிறவளைப் பார்த்திருக்கிறாயா? விதைக் கிழங்கை வேகவைத்துத் தின்கிற குடியானவனைப் பார்த்திருக்கிறாயா? படித்தவர்கள் கூடிச் செய்கிற வேலை.

கீழே கொட்டக் கூடாது. கொட்டக் கூடாது என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், பார். வாளியை அந்தக் குளிர்ந்த குழியிலிருந்து எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆட்டுத்தோலோ கம்பளியோ சுற்ற வேண்டும். ஒரு லிட்டர் சாற்றைச் சூடாக்கி அதிலேயே திரும்ப ஊற்றி, மொத்தத்தையும் பால் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். செத்திருக்காது. நம்ம பக்கத்து ஈஸ்ட் அவ்வளவு சுலபமாகச் சாகாது. கோபித்துக்கொண்டு படுத்திருக்கும்.

என்ன ஆயிற்று என்று உடனே எழுது. உடனே.

ஐவின்ட்

இங்கே நலம்.


பெர்கன்,
25 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

இந்த முறை நான்கே நாளில் பதில் போட்டிருக்கிறீர்கள். இறுதிப் பரீட்சையில் தேறியதாக நான் போட்ட தபால் அட்டைக்கு ஏழு வாரம் ஆயிற்று. அப்போதும் கன்று போட்ட பசுவைப் பற்றித்தான் எழுதியிருந்தீர்கள். பெரித் கொடுத்துவைத்தவள்.

அவளுடைய வாளி எழுந்துவிட்டது! அவள் அறையில் கணப்பருகே வைத்து, தன் குளிர்கோட்டையே சுற்றிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். மாலை வந்து பார்த்தால் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு கோட்டின் கைக்குள் இறங்கியிருக்கிறது. அறை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை. எட்டு நாள் கழித்துப் பன்னிரண்டு பாட்டில்களில் அடைத்தாள். ஆய்வுக்கூடத்தில் பத்தைக் கொடுத்தாள். எல்லோரும் இரண்டாவது தம்ளர் கேட்டார்கள். நானும் ஒரு வாய் குடித்தேன். நம் வீட்டு ருசி மாதிரியேதான் இருந்தது. அதாவது, கிட்டத்தட்ட.

அடியில் ஒட்டியிருந்த மண்டியைப் பெரித் ஆய்வுக்கூடப் பழக்கப்படி சோடா போட்டு, கொதிநீர் ஊற்றி மூன்று தடவை சுத்தமாகக் கழுவிவிட்டாள். அடுத்த முறை காய்ச்ச அவளிடம் ஈஸ்ட் இல்லை. மாடியில் தொங்கும் நம் வீட்டுத் துணியிலிருந்து கொஞ்சம் உதிர்த்து அனுப்ப முடியுமா? பெரித்துக்காகத்தான்.

குழந்தைக்கு என்ன பெயர் யோசித்திருக்கிறீர்கள்? கேட்டால்தான் சொல்வீர்களா?

தோர்டிஸ்


லியா,
29 அக்டோபர்

தோர்டிஸ்,

அடியில் இருந்ததுதான் ஈஸ்ட். அதைக் கழுவக் கூடாது என்று நான் எழுதவில்லைதான். மூச்சு விட வேண்டும் என்றும் நான் எழுதவில்லை.

குடிக்காத பாட்டில் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் ஆட்டாமல், அசைக்காமல், நிமிர்த்தி வை. வேறு எதுவும் எழுதத் தெம்பில்லை.

ஐவின்ட்


(அதே உறையில், மடித்த துண்டுத் தாளில்)

அன்புள்ள தோர்டிஸ்,

அவர் உறையை ஒட்டக் கோந்து எடுக்கப் போயிருக்கிறார். அதற்குள் எழுதிச் செருகுகிறேன். கிறுக்கலை மன்னித்துக்கொள்.

வீட்டில் ஈஸ்ட் இல்லை. எலி தின்றுவிட்டது என்று உனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறார். எலி நான்தான். குழந்தைக்குக் கட்ட மெத்தென்ற பழைய லினன் தேடி மாடிக்குப் போனேன். அங்கே விறைத்துப்போய், பழுப்பேறி, புளிப்பு வாடையோடு ஒரு துணி தொங்கியது. நல்ல துணியை இப்படிப் பாழாக்கியிருக்கிறார்களே என்று சோடாவில் போட்டு வேகவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக வெட்டிவிட்டேன். மீன் விற்கிற ஊரில் பிறந்தவளுக்கு ஈஸ்ட் துணியில் காயும் என்று யார் சொன்னார்கள்?

அவர் பார்த்ததும் முதலில் சிரித்தார். "எங்க தாத்தா காலத்து ஈஸ்ட் மேல என் பொண்ணு மூத்திரம் போறா." பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போனவர் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் யோஸ்டைனிடம் ஒரு பிடி கேளுங்கள் என்றேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஈஸ்ட் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்களாமே. அதற்கு அவர், "கேட்டா குடுப்பான். எப்படிப் போச்சுன்னும் கேப்பான். எனக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சி காட்டிக் குடுத்துடும். டவுன்காரி துவைச்சுட்டான்னு தேவாலயத்துல உன்னைப் பார்த்து பார்த்துச் சிரிப்பாங்க. நீ இங்க இன்னும் நாப்பது வருசம் இருக்கணும், மார்கிட்" என்றார்.

டிசம்பர் 21, தாமஸ் திருநாளன்று ஊரே வீடு வீடாக வந்து கிறிஸ்துமஸ் பியரை ருசி பார்க்கும். நம் வீட்டில் என்ன ஊற்றுவது? ஐந்து நாள் கழித்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம். எனக்குத் தூக்கமே இல்லை.

இன்னொன்று. நான் துவைப்பதற்கு முன்பே அந்தத் துணியில் ஒரு மூலை வெட்டியிருந்தது. "எலிக்குக் கத்தரிக்கோல் ஏது?" என்றார். பெரித் யாரென்று உன் முதல் கடிதத்திலேயே அவருக்குத் தெரியும். "அவ வாயாலயே சொல்லட்டும்" என்று உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மரத்தில் செய்த கட்டைகள். ஒரு பாட்டிலாவது இருக்கிறது என்று எழுது.

மார்கிட்


பெர்கன்,
7 நவம்பர்

அண்ணா,

பெரித் என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் பியர் குடிப்பதில்லை. ஆகஸ்டில் கிளம்புவதற்கு முந்தின நாள் மாடியேறித் துணியின் மூலையை வெட்டி, இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தது நான். சொல்லியாயிற்று. போதுமா? இரண்டு மாதமாகத் தெரிந்துகொண்டே "உன் தோழியின் தொண்டை" என்று எழுதினீர்களே! வீட்டில் ஈஸ்ட் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்த வாளியைத் தலையில் வைத்துத் தாங்கியிருப்பேன். அதைக் கழுவியது நான் மட்டும் இல்லை. அண்ணி துவைத்ததை எனக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நீங்களும் கழுவியிருக்கிறீர்கள்.

பன்னிரண்டில் ஒன்றை நான் குடித்தேன். பத்து ஆய்வுக்கூடத்துக்குப் போயின. அங்கே பாட்டில் காலியான அடுத்த நிமிடம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள், கேட்டுப் பார்த்தேன். மிச்சம் ஒன்றை ஆப்பிள் சாறு என்று சொல்லித் திருமதி ராம்ஸ்லிக்குக் கொடுத்திருந்தேன். அவர் படிக்கட்டில் நிற்கும்போது உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அதையா? ஜெபவீட்டு நிதிக்குப் போடற பஜாருக்குக் குடுத்துட்டேனே. சனிக்கிழமை குலுக்கல்ல பரிசு."

சனிக்கிழமை போனேன். நீண்ட மேஜையில் பின்னின கையுறை, கேக், ஒரு சுவர்க் கடிகாரம். நடுவில் நம் பாட்டில். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, "வீட்டு ஆப்பிள் சாறு" என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு அம்மாள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆட்டாதீங்க!" என்றேன். அண்ணா, நான் அப்படிக் கத்தியதே இல்லை. அறுபது பெண்கள் பின்னல் ஊசியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஏம்மா, இது உனக்கு வேணுமா? சீட்டு வாங்கு, அதிர்ஷ்டம் இருந்தா விழும்."

"அது ஆப்பிள் சாறு இல்லைங்க."

"பின்னே?"

"பியர். நான் காய்ச்சினது."

மூலையில் ஒருத்தர், "அதான் போன வாரம் மூடியைத் திறந்து மோந்தப்பவே எனக்குத் தோணுச்சு. நல்லா இருந்துச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கிள்ளியதைப் பார்த்தேன். திருமதி ராம்ஸ்லி ரிப்பனை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாட்டிலை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "புது வருஷத்துக்கு வேற இடம் பாத்துக்க" என்றார்.

இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன். அடியில் ஒரு தேக்கரண்டிகூட இல்லை, வெள்ளை மண்டி. மேலே இருந்ததை ஊற்றிவிட்டு அதை ஒரு கிண்ணம் பார்லிச் சாற்றில், பால் சூட்டில் விட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லாமலேயே இந்தத் தடவை கை வைத்துப் பார்த்தேன், வெப்பமானி வைக்கவில்லை. இன்னும் அசையவில்லை.

அண்ணியைத் தூங்கச் சொல்லுங்கள்.

தோர்டிஸ்


லியா,
14 நவம்பர்

தோர்டிஸ்,

கடிதத்தை மார்கிட் வாசித்தாள். நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டேன். ஆட்டாதீங்க என்று நீ கத்திய இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

கிண்ணம் அசைந்ததா இல்லையா? முன்பே மூடி திறந்த பாட்டில் என்றால் காற்று போயிருக்கும், ஆனால் மண்டிக்கு ஒன்றும் ஆகாது. நுரை வந்ததும் இரண்டு லிட்டருக்கு மாற்று. பிறகு ஒரு வாளிக்கு. பேராசைப்பட்டு ஒரேயடியாக ஊற்றாதே. அடியில் தங்கியதை மெல்லிசாக வழித்து, சுத்தமான துணியில் பரப்பிக் காயவை. சோடா கிட்டே வரக் கூடாது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நீ ஏன் திருடினாய்? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே.

மார்கிட் இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள்.

ஐவின்ட்


பெர்கன்,
26 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

மூன்றாவது நாள் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததால். இப்போது நன்றாகப் பெருகிவிட்டது. காய்ந்ததில் பாதியை அந்த மிட்டாய் டப்பாவிலேயே போட்டு, கம்பளிச் சட்டைக்குள் சுற்றி அனுப்பியிருக்கிறேன். சட்டை குழந்தைக்கு, டப்பா உங்களுக்கு. மாற்றி வைத்துவிடாதீர்கள். திருமதி ராம்ஸ்லி இதெல்லாம் நடந்த அறையின் வாசலில் தினமும் ஒரு மதுவிலக்குப் பிரசுரம் வைக்கிறார். ஈஸ்ட் காயவைக்க அந்தத் தாள் நன்றாக உதவுகிறது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டேன். பதினேழு வயதில் ஒரு தடவை கேட்டேன். "தண்ணி தூக்கு, போ" என்றீர்கள். இந்த ஜூனில், பட்டம் வாங்கிக்கொண்டு வந்த அன்று, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். யோஸ்டைனும் இருந்தார். "பொண்ணுக்கு எதுக்கு? புருசன் வீட்டுக்குப் போறப்போ தர்றேன், அதுவரைக்கும் பொறு" என்று சொன்னீர்கள். அவர் சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள். நான் ரொம்ப மெதுவாகத்தான் கேட்டிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்குக் கேட்டது.

குளிர் அதிகமாகிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோர்டிஸ்


லியா,
10 டிசம்பர்

தோர்டிஸ்,

டப்பா பத்திரமாக வந்தது. சட்டை சரியாக இருக்கிறது. ஒரு கை மட்டும் கொஞ்சம் நீளம், வளர்ந்தால் சரியாகிவிடும்.

சனிக்கிழமை காய்ச்சினோம். இந்தத் தடவை ஈஸ்ட்டை மார்கிட்டையே ஊற்றச் சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் குழந்தை அழுதது, நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அரை மணி நேரத்தில் யோஸ்டைன் பனிச்சறுக்குக் கட்டையைக் கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கிறான். "பொம்பளைக் குரல் கேட்டுச்சு. யாருக்காவது அடிபட்டுடுச்சா?" "இல்லடா, பியருக்கு." "ஓகோ. எங்க வீட்டுல அதை நான் கத்தவேண்டியிருக்கு, எங்கவளுக்கு வெக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலை தொட்டியில் நுரை ஒரு முழம். பழைய வாசனையேதான்.

அறை போனது நல்லதற்குத்தான். பட்டணத்தில் யார் யாரோ வீட்டுப் படிக்கட்டில் நிற்க வேண்டாம். இங்கே பால் சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், நான் பேசி வைக்கிறேன். வரும்போது மீதி ஈஸ்ட்டையும் கொண்டு வந்துவிடு. ஒரு வீட்டு ஈஸ்ட் ஒரு வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இருபதாம் தேதி உன்னை அழைத்துப் போகப் பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறேன்.

ஐவின்ட்


பெர்கன்,
15 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தில் அண்ணி ஊற்றியதைப் படித்து ஆய்வுக்கூடத்தில் தனியாகச் சிரித்தேன். பெரித் என்னவென்று கேட்டாள். முழுவதும் சொன்னேன். தன் பெயரில் இவ்வளவு நடந்திருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் பெருமை.

இருபதாம் தேதி நான்கு மணிப் பேருந்தில் வருகிறேன். அண்ணிக்கு நல்ல சோப்பு வாங்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு என்ன பெயர் என்று மூன்று கடிதமாகத் தெரியவில்லை. இனி பாதிரியார் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

பால் சங்கத்தில் பேச வேண்டாம். ஜனவரி மூன்றாம் தேதி பெர்கனுக்குத் திரும்ப வேண்டும். பெரித்தின் பெரியம்மா வீட்டில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. சின்னதுதான், ஆனால் சொந்தச் சமையலடுப்பு உண்டு. அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "காய்ச்சினா எனக்கும் ஒரு பாட்டில் வைப்பியா?" என்பதுதான். பெரித் வாயைத் திறந்திருக்கிறாள்.

மீதி ஈஸ்ட்டைக் கேட்டிருக்கிறீர்கள். கொண்டு வருகிறேன். ஒரு செதில் கூட இங்கே வைக்க மாட்டேன், மூலை வெட்ட மாட்டேன். இருப்பது எல்லாவற்றையும் சமையலறை மேஜையில் உங்கள் முன்னால் வைத்துவிடுவேன். வீட்டுடையது வீட்டுக்கு வந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

அதன் பிறகு ஒன்று செய்யுங்கள். இதைக் கேட்கத்தான் செப்டம்பரில் முதல் கடிதமே எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. மறுநாள் தாமஸ் திருநாளுக்கு யோஸ்டைனும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, நீங்களே உங்கள் கையால் அதிலிருந்து எனக்கு ஒரு பிடி எடுத்துக் கொடுங்கள். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கொடுங்கள், அண்ணா.

தோர்டிஸ்